மிளகு வாங்கப் போன எட்டாம் வகுப்பு: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

தங்கச்சி,

உன் வாட்ஸ்அப் செய்தியை நேற்று ராத்திரிதான் பார்த்தேன். “பிள்ளைங்க எல்லாம் சேர்ந்து இனிமே நியாய வணிகப் பொருள் மட்டும்தான் வாங்குவோம்னு தீர்மானம் போட்டுட்டாங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியலக்கா” என்று எழுதியிருந்தாய். நானும் என் வகுப்புப் பிள்ளைகளும் இதில் சில வருஷமாக விழுந்து எழுந்துகொண்டிருக்கிறோம். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், உன் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்.

முதலில் அந்த ‘மட்டும்’ என்ற சொல்லைக் கரும்பலகையிலிருந்து அழித்துவிடு. நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம், இரண்டாவது வாரமே பிள்ளைகள் சோர்ந்துபோனார்கள். பேனா, பை, செருப்பு, ஜியோமெட்ரி பாக்ஸ், கால்பந்து என்று பட்டியல் நீண்டது. நியாய வணிக (ஃபேர்டிரேட்) முத்திரையோடு அதில் ஒன்றுகூட மூலைக்கடையில் கிடைக்கவில்லை. மாதத்துக்கு ஒரே ஒரு பொருள் என்று மாற்றிய பிறகுதான் வேலை நடந்தது. ஒரு மாதம் மிளகு, அடுத்த மாதம் டீத்தூள், அதற்கடுத்த மாதம் சாக்லெட்.

இங்கே கொச்சி வல்லார்பாடத்தில் வீட்டு வாசலில் நின்றால் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகப் போவது தெரியும். 2011 பிப்ரவரியில் கண்டெய்னர் முனையம் திறந்ததிலிருந்து ராத்திரி பகல் கிடையாது. கேரளத்து மிளகும் முந்திரியும் காப்பியும் கயிற்றுப் பாயும் இந்த வழியாகத்தான் கப்பலேறுகின்றன. நியாய வணிக முத்திரை வாங்கிய சரக்கில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறது. இந்தியாவுக்குள்ளேயே விற்க வேண்டும் என்று ஃபேர்டிரேட் இந்தியா 2013-ல் தொடங்கியும், நம் தெருக் கடைகளில் அந்த முத்திரை இன்னும் அபூர்வம்தான். இந்த லாரிகள் போகிற பாதைக்காக 2008-ல் மூலம்பிள்ளியிலும் பக்கத்து ஊர்களிலும் 316 குடும்பங்களை வெளியேற்றினார்கள். அந்தக் கதையைப் பாட்டி வாயால் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் என் வகுப்பில் உண்டு. நியாயம் என்றால் என்ன என்று அவர்களிடம் பேச ஆரம்பிப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. உன் ஊரிலும் அப்படி ஒரு கதை இருக்கும், தேடி எடு.

எங்களுக்கு ஆரம்பம் ஒரு பொம்மை. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் இங்கிருந்து வடக்கே இருக்கும் சேந்தமங்கலத்துத் தறிகள் சேற்றில் மூழ்கின. ஓணத்துக்கென்று நெய்து அடுக்கி வைத்திருந்த சேலைகள் அத்தனையும் கறை பிடித்துவிட்டன. லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்ற இருவர் அந்தத் துணியை வாங்கி, சுத்தம் செய்து, ‘சேக்குட்டி’ என்ற கையடக்கப் பொம்மை செய்யலாம் என்றார்கள். ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து கட்டினார்கள், எங்கள் பிள்ளைகளும் கட்டினார்கள். சின்னத் துண்டுத் துணியை உருட்டித் தலையாக்கி, கழுத்தில் நூல் சுற்றி, இரண்டு கறுப்புப் புள்ளி வைத்தால் கண். துணியில் சேற்றுக்கறை அப்படியே மஞ்சளாகத் தெரியும், அதை மறைக்கக் கூடாது என்பது விதி. 1,300 ரூபாய்க்கு விற்கிற ஒரு சேலையில் 360 பொம்மை வந்தது. ஒன்று 25 ரூபாய் என்றால் 9,000 ரூபாய், அது நெசவாளர் சங்கத்துக்கு.

கணக்கைப் போட்டு முடித்ததும் பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான், “டீச்சர், வெள்ளம் வராம இருந்திருந்தா அந்த 1,300-ல நெய்தவருக்கு எவ்வளவு போயிருக்கும்?” எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ஆரம்பித்தது எங்கள் தேடல். நீயும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கு. முத்திரை, சான்றிதழ் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.

அடுத்து, பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ. வகுப்பில் உட்கார்ந்து பேசினால் எதுவும் ஒட்டாது. நாங்கள் வைப்பின் ஜெட்டியிலிருந்து ரோரோ படகில் ஃபோர்ட் கொச்சிக்குக் கடந்து, அங்கிருந்து நடந்து மட்டாஞ்சேரி பஜாருக்குப் போனோம். சாக்கு சாக்காக மிளகு அடுக்கியிருந்த கடையில் ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள், “சேட்டா, இது எங்கிருந்து வருது?” அவர் சாக்கைத் திறந்து ஒரு கை அள்ளி அவள் உள்ளங்கையில் கொட்டினார். “இது இடுக்கி. இது வயநாடு. இது சிலோன், மோளே” என்று மூன்று குவியல் வைத்தார். சிலோன் மிளகு சிறுத்திருந்தது, வயநாட்டு மிளகு கனமாக, கறுத்து மினுங்கியது. “விளைவித்தவருக்கு எவ்வளவு கொடுத்தீங்க?” என்று இவள் விடாமல் கேட்டபோது, “தரகரிடம் கொடுத்த விலையைத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்” என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு கை மாறி வந்த சரக்கில் முதல் கை யாருடையது என்று கடைசிக் கைக்குத் தெரியாது. அந்த ஒரு பதிலில் பிள்ளைகள் புரிந்துகொண்டது, நான் ஒரு மாதம் பாடம் நடத்தினாலும் புரிந்திருக்காது.

கடைக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிக்கொடு. வியாபாரம் சூடாக நடக்கிற நேரத்தில் போகாதே. மத்தியானம் மூன்று மணிக்குப் போனால் கடைக்காரர்கள் பேசுவார்கள். ஆளுக்கு ஐம்பது கிராமாவது வாங்கச் சொல், வெறுங்கையோடு விசாரணை பண்ணினால் யாருக்கும் பிடிக்காது.

முத்திரைகளைப் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவசியம், ஏனென்றால் பச்சை நிறத்தில் எதைப் பார்த்தாலும் நல்லது என்று நினைத்துவிடுவார்கள். ‘இந்தியா ஆர்கானிக்’ என்றால் ரசாயனம் போடாமல் விளைந்தது என்று பொருள், கூலியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. 2006-ல் வந்த ஹேண்ட்லூம் மார்க், துணி கைத்தறியில் நெய்தது என்று மட்டும் உறுதி சொல்லும். புவிசார் குறியீடு ஊரைச் சொல்லும், மறையூர் வெல்லம் மறையூருடையதுதான் என்று. எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உணவுப் பாதுகாப்புக்கானது. கறுப்புக் கட்டத்தில் நீலமும் பச்சையுமாக ஒரு மனிதர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது போல இருப்பதுதான் ஃபேர்டிரேட் முத்திரை. அதன் பக்கத்தில் ஒரு அம்புக்குறி இருந்தால் பாக்கெட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிக்க வேண்டும். எந்தச் சேர்மானம், எத்தனை சதவீதம் என்பது அங்கேதான் இருக்கும்.

அந்த முத்திரைக்குப் பின்னால் இரண்டு விஷயம் இருக்கிறது. பெரும்பாலான பொருள்களுக்கு ஒரு குறைந்தபட்ச விலை. சந்தை சரிந்தாலும் அதற்குக் கீழே போகக் கூடாது, சந்தை ஏறினால் ஏறின விலை. அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகை, அதை என்ன செய்வது என்று விவசாயிகளே கூடி முடிவு பண்ணுவார்கள். அராபிகா காப்பிக்கு 2023 ஆகஸ்டில் அந்தக் குறைந்தபட்ச விலையை ஒரு பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்த்தினார்கள், கூடுதல் தொகை 20 சென்ட். கணக்கு டீச்சரிடம் கொடு, ஒரு கிலோவுக்கு ரூபாயில் எவ்வளவு என்று அருமையான ஒரு வகுப்பு எடுத்துவிடுவார்.

வடக்குக் கேரளத்தில் கண்ணூர், காசர்கோடு, வயநாடு, கோழிக்கோடு மலையோரச் சிறு விவசாயிகள் ஃபேர் டிரேட் அலையன்ஸ் கேரளா என்று ஒரு அமைப்பு வைத்திருக்கிறார்கள். விளைபொருள் விலை விழுந்து வயநாட்டில் விவசாயிகள் உயிரை மாய்த்துக்கொண்ட காலத்துக்குப் பின் எழுந்த அமைப்பு அது. அவர்களுடைய முந்திரியை இங்கிலாந்தில் விற்ற லிபரேஷன் என்ற கம்பெனியில் அவர்களுக்கே பங்கு இருந்தது. அவர்கள் நடத்தும் விதைத் திருவிழாவுக்கு வாய்த்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போ. மிளகுக்கொடிக்கும் ஒரு முகம் உண்டு என்று அங்கே தெரியும்.

முத்திரையே இல்லாமல் நியாயமாக நடக்கிற இடங்களும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. அவற்றை விட்டுவிடாதே, எனக்கு இந்தப் பட்டியல்தான் மிகவும் பிடிக்கும். இந்தியன் காப்பி ஹவுஸ் தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவு, கேரளத்தில் முதல் கிளை 1958-ல் திருச்சூரில் திறந்தார்கள். தலைப்பாகை கட்டிக்கொண்டு கட்லெட் கொண்டுவந்து வைப்பவரும் அதன் உறுப்பினர் என்று சொன்னபோது பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. சாக்லெட்டுக்கு காம்ப்கோ. கர்நாடகாவிலும் கேரளாவிலும் உள்ள பாக்கு, கொக்கோ விவசாயிகளின் கூட்டுறவு அது, 1973-ல் தொடங்கியது. 1986-லேயே புத்தூரில் சொந்தமாக சாக்லெட் ஆலை போட்டார்கள். பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்க இதைவிட என்ன வேண்டும்? துணிக்கு நம் கோ-ஆப்டெக்ஸ். பட்டுச் சேலையோடு, நெய்தவரின் படமும் பெயரும் போட்ட அட்டையை வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவின் பீரோவில் ஒன்று இருக்கும், கேட்டு வாங்கி வகுப்பில் காட்டு.

உனக்கு என்னைவிட ஒரு வசதி, நீலகிரி பக்கத்தில் இருக்கிறது. கோத்தகிரியில் கீஸ்டோன் அமைப்பிலிருந்து பிறந்த லாஸ்ட் ஃபாரஸ்ட், குறும்பர், இருளர் போன்றவர்கள் எடுக்கும் மலைத்தேனை விற்கிறது. கூடலூரில் ஆதிவாசிக் குடும்பங்களின் தேயிலையை நேராக வாங்குகிறவர்களிடம் கொண்டுசேர்க்க ஜஸ்ட் சேஞ்ச் என்று ஒரு முயற்சி தொடங்கினார்கள். விளைவிப்பவரையும் வாங்குபவரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கிற யோசனை அது. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்.

டீயைப் பற்றிப் பேசும்போது மூணாறைச் சொல்லாமல் விடாதே. 2015 செப்டம்பரில் கொழுந்து கிள்ளும் பெண்கள், பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், போனஸைக் குறைத்ததை எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். சங்கத் தலைவர்களைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை. ஒன்பது நாள் கழித்து, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் எழுந்தார்கள். ‘பெம்பிளை ஒருமை’ (பெண்கள் ஒற்றுமை) என்று அவர்களை இன்றைக்கும் இங்கே மரியாதையோடு சொல்கிறார்கள். அப்போது அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய், அடுத்த மாதப் பேச்சுவார்த்தையில் 301 ஆனது. தொழிலாளர்களுக்கும் பங்கு இருந்த கம்பெனியில் நடந்தது இது. ஆகவே பங்கு, முத்திரை, நல்ல பெயர் எது இருந்தாலும், “கூலி எவ்வளவு?” என்ற கேள்வியைப் பிள்ளைகள் கைவிடக் கூடாது.

இப்போது நான் செய்த தவறு. இறால் பாடம் எடுத்தபோது, உரிக்கும் ஷெட்டுகளில் பெண்கள் நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கைவைத்து உரிப்பதையும், உரித்த அளவுக்குத்தான் கூலி என்பதையும் சொல்லிவிட்டு, “இப்படிப்பட்ட இறாலை நாம் வாங்கலாமா?” என்று கேட்டேன். வகுப்பு முழுக்க “வேண்டாம்” என்று கத்தியது. ஒருத்தி மட்டும் வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகு மேஜை ஓரமாக வந்து நின்றாள். “என் அம்மா ஷெட்டுலதான் டீச்சர் உரிக்கறாங்க. எல்லாரும் வாங்காம விட்டா அம்மாவுக்கு வேலை போயிடாதா?” நகத்தால் மேஜை விளிம்பைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் “இதை வாங்காதே” என்று யாரும் சொல்வதில்லை. வாங்கு, கேள், எழுது என்று வைத்துக்கொண்டோம். பாக்கெட்டில் இருக்கும் முகவரிக்கு ஒரு அஞ்சலட்டை போடுவோம்: ‘உங்கள் பொருள் பிடித்திருக்கிறது, இதைச் செய்தவர்களுக்கு என்ன கூலி கொடுக்கிறீர்கள்?’ முதல் வருஷம் இருபத்திரண்டு அட்டை போட்டு மூன்று பதில் வந்தது. அந்த மூன்றும் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கின்றன. ஆகவே தங்கச்சி, பாடம் தொடங்கும் முன் உன் பிள்ளைகளின் வீட்டில் யார் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள். உன் ஊரில் பஞ்சாலைக்கும் பனியன் கம்பெனிக்கும் போகிற அம்மாக்கள் இருப்பார்கள். அவர்களையே வகுப்புக்குக் கூப்பிட்டுப் பேசவைத்தால் இன்னும் நல்லது. அந்தப் பெண்ணின் அம்மா வந்து, இறால் தலையை எப்படிக் கிள்ளுவது என்று காட்டினார். விரல் நுனிகள் வெந்தது போல வெளுத்திருந்தன. பிள்ளைகள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஊர்க்கதை தேடச் சொன்னேன் இல்லையா, மட்டாஞ்சேரியில் எங்களுக்குக் கிடைத்தது ‘சாப்பா’. துறைமுகத்தில் வேலைக்கு ஆள் எடுக்க, காலையில் கூடி நிற்கும் கூட்டத்துக்குள் உலோக வில்லைகளை வீசுவார்களாம். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்றைக்கு வேலை, மற்றவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதை எதிர்த்த தொழிலாளர் மீது 1953 செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டது. சைது, சைதலவி, அந்தோணி என்று மூன்று பேர் அந்தப் போராட்டத்தில் உயிர்விட்டார்கள். பாட்டில் மூடிகளை வில்லையாக்கி மைதானத்தில் ஒருமுறை பிள்ளைகளை நடித்துப் பார்க்கச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிட்டேன், கீழே விழுந்த சின்னப் பையன் மேல் நாலு பேர் ஏறிவிட்டார்கள். உன் வகுப்பில் இதை நடிக்காதே, கதையாகச் சொன்னால் போதும்.

பணத்தைப் பற்றி. நியாய விலை என்றால் சில பொருள்கள் கூடுதலாகத்தான் இருக்கும், பெற்றோரிடம் கூடுதல் காசு கேட்கிற மாதிரி எதையும் செய்யாதே. நாங்கள் முந்திரியைப் பொதுவில் ஒரு பாக்கெட் வாங்கி ஆளுக்கு இரண்டு பருப்பு என்று பங்கிட்டோம். ஸ்டாஃப் ரூம் டீத்தூளை மாற்றும் செலவை டீச்சர்கள் ஏற்றோம், தலைக்கு மாதம் பன்னிரண்டு ரூபாய்கூட ஆகவில்லை. வாங்க முடியாத பிள்ளை வெட்கப்படக் கூடாது, வாங்கிய பிள்ளை பெருமை அடிக்கவும் கூடாது. ஒரு நோட்டுப் போட்டு, பொருள், விலை, யாரிடம் கேட்டோம், என்ன பதில் என்று நான்கு பத்தியாகக் கோடு கிழித்துவிடு. பதில் இல்லாத கட்டங்களை அப்படியே காலியாக விடச் சொல். எங்கள் நோட்டில் இன்னும் பாதிக்கு மேல் காலிதான்.

அரையாண்டு லீவுக்கு இங்கே வருகிறாய் இல்லையா? கோத்தகிரித் தேன் இரண்டு பாட்டில் வாங்கி வா, பில்லோடு. அடுத்த மாதம் எங்கள் வகுப்புக்குத் தேன்.

அன்புடன்,
அக்கா