தசையை வளர்க்கும் பயிற்சிகள்: நமக்குப் பொருந்துவது எது?

கடந்த வருடம் நோன்பு காலத்தில் ஒரு நாள், அஸருக்குப் பிறகு எங்கள் உம்மும்மா கதிரையிலிருந்து எழும்ப முயன்றார். இரு கைகளையும் ஊன்றியும் அவரால் முடியவில்லை. நானும் உம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் எழுப்பினோம். மருத்துவரிடம் காட்டியபோது அவர், "முழங்காலில் பெரிய கோளாறு இல்லை. தொடைத் தசை மெலிந்துவிட்டது. தினமும் கதிரையில் உட்கார்ந்து எழும்பப் பழக்குங்கள்" என்றார். மருந்து தருவார் என்று எண்ணிப் போன எங்களுக்கு அது புதுமையாக இருந்தது.

உயர்தரத்தில் உயிரியல் கற்கும் நான் அதுவரை தசையைப் பற்றிப் படித்ததெல்லாம் பரீட்சைக்காகத்தான். அன்று முதல் உம்மும்மாவுக்காகத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தசையை வளர்க்கும் பயிற்சி முறைகள் பல இருந்தன. ஒவ்வொருவரும் தமது முறையே சிறந்தது என்றார்கள். அவற்றை ஒப்பிட்டு நான் விளங்கிக்கொண்டதை இங்கே தருகிறேன்.

தசை எப்படி வளர்கிறது?

நமது வன்கூட்டுத் தசை எண்ணற்ற தசை நார்களால் ஆனது. ஒவ்வொரு நாரினுள்ளும் அக்தின், மயோசின் என்னும் புரத இழைகள் உள்ளன. வழக்கத்தை விட அதிக பாரத்தைத் தசை தாங்கும்போது, அந்தப் புரதங்களை மேலும் உருவாக்கும்படி உடல் தூண்டப்படுகிறது. இதனால் நார்கள் தடிக்கின்றன. இந்த வேலை பயிற்சியின்போது முடிவதில்லை. அதன் பின் வரும் ஓரிரு நாள் ஓய்வில், உணவிலிருந்து கிடைக்கும் அமினோ அமிலங்களைக் கொண்டே நடக்கிறது. ஆகவே பயிற்சி, உணவு, உறக்கம் மூன்றில் ஒன்று குறைந்தாலும் பலன் குறையும்.

முதல் சில வாரங்களில் பலம் கூடும். ஆனால் தசை பெரிதாகத் தெரியாது. நரம்புகள் தசை நார்களை ஒருங்கே இயக்கப் பழகுவதே அதற்குக் காரணம். இதை அறியாமல் பலர் ஒரு மாதத்திலேயே கைவிட்டு விடுகிறார்கள்.

மூன்று முறைகள்

முதலாவது, தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ மருத்துவரின் முறை. இரண்டாம் உலகப் போரில் காயமடைந்த வீரர்களின் மெலிந்த கால்களைத் தேற்றுவதற்காக அவர் பாரம் தூக்கும் பயிற்சியைப் பயன்படுத்தினார். 1945இல் அதைப் பற்றி எழுதினார். பின்னர் 1948இல் அதை மூன்று செட்டுகளாகச் சுருக்கினார். பத்துத் தடவை மட்டுமே தூக்கக்கூடிய பாரத்தை முதலில் கண்டறிய வேண்டும். அதில் பாதியோடு பத்துத் தடவை, முக்காலோடு பத்துத் தடவை, முழுப் பாரத்தோடு பத்துத் தடவை செய்ய வேண்டும். அந்தப் பாரம் 8 கிலோ என்றால் 4, 6, 8 கிலோ என்று ஏறிச் செல்லும். உடல் சூடேறிய பின்பே முழுப் பாரம் வருவதால் புதியவர்களுக்கு இது பாதுகாப்பானது.

இரண்டாவது, ஐந்து செட், ஒவ்வொன்றிலும் ஐந்து தடவை என்ற முறை. பிரித்தானிய உடற்கட்டு வீரர் ரெக் பார்க் இதைப் பின்பற்றினார். தடவைகள் குறைவாக இருப்பதால் பாரம் அதிகமாக இருக்கும். பலத்தைக் கூட்டுவதில் இது சிறந்தது. ஆனால் இதற்கு இரும்புத் தண்டும் அதைத் தாங்கும் சட்டமும் அருகில் நின்று கவனிக்கும் ஒருவரும் தேவை. வீட்டில் தனியாகச் செய்வதற்கு ஏற்றதல்ல.

மூன்றாவது, பிரித்துச் செய்யும் முறை. ஒரு நாள் நெஞ்சு, ஒரு நாள் முதுகு, ஒரு நாள் கால் என்று வாரத்தைப் பிரித்துக்கொள்வார்கள். உடற்கட்டு வீரர்கள் பெரிதும் விரும்பும் முறை இது.

எது சிறந்தது?

ஆய்வுகளைப் பற்றிப் படித்தபோது இரண்டு விடயங்கள் என்னை வியக்க வைத்தன. ஒன்று, பாரம் மிக அதிகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. இலகுவான பாரமாக இருந்தாலும், இனி இரண்டு மூன்று தடவைக்கு மேல் முடியாது என்ற நிலை வரை செய்தால் தசை வளர்கிறது. மற்றொன்று, ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் எத்தனை செட் கிடைக்கிறது என்பதே முக்கியம். அதே எண்ணிக்கையை ஒரு நாளில் செய்தாலும் மூன்று நாட்களில் செய்தாலும் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை.

அப்படியானால் எந்த முறையும் ஒன்றுதானா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆரம்பத்தில் பிரித்துச் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். வியாழக்கிழமை கால்களுக்குரிய நாள். அன்றுதான் இரசாயனவியல் மேலதிக வகுப்பும் இருந்தது. தொடர்ந்து மூன்று வாரங்கள் கால்களுக்குப் பயிற்சியே இல்லாமல் போனது.

பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்பது செட் என்று வைத்துக்கொள்வோம். பிரித்துச் செய்யும் முறையில் ஒன்பதும் ஒரே நாளில் வரும். அந்த நாள் தவறினால் அந்த வாரம் அந்தத் தசைக்கு எதுவுமில்லை. முழு உடலுக்கும் வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று செட் என்று செய்தால், ஒரு நாள் தவறினாலும் ஆறு செட் மிஞ்சும். வகுப்பும் வீட்டு வேலையும் சுகயீனமும் குறுக்கிடும் நம்மைப் போன்றோருக்கு இந்த முறையே பொருந்தும் என்று முடிவு செய்தேன். உலக சுகாதார நிறுவனமும் 5 முதல் 17 வயது வரையானோர் தசையையும் எலும்பையும் பலப்படுத்தும் செயல்களில் வாரத்தில் மூன்று நாட்களாவது ஈடுபட வேண்டும் என்கிறது.

வீட்டில் செய்வது எப்படி?

ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோ. ஆகவே தண்ணீர்ப் போத்தல்களும் பழைய பாடசாலைப் பையும் போதும். பையை அணைத்துக்கொண்டு குந்தி எழும்புதல், குனிந்து நின்று பையை வயிற்றுப் பக்கமாக இழுத்தல், சுவரில் அல்லது தரையில் கை ஊன்றித் தண்டால் எடுத்தல், போத்தல்களைத் தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகிய நான்கும் உடலின் பெரிய தசைகளுக்கெல்லாம் வேலை கொடுக்கும். மூன்று செட்டிலும் பன்னிரண்டு தடவை இலகுவாக முடிந்தால், அடுத்த முறை ஒரு லீற்றர் கூட்ட வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. மூட்டில் வலி வந்தால் நிறுத்த வேண்டும். நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நான் 4 கிலோவோடு குந்தத் தொடங்கினேன். பன்னிரண்டு வாரங்களின் பின் 10 கிலோவுக்கு வந்தேன்.

உணவுக்கு விலை கூடிய மாவு டின்கள் தேவையில்லை. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. பருப்பு, அவித்த கடலை, நெத்தலி, மீன், தயிர் எல்லாம் நம் வீட்டிலேயே உள்ளவைதான். நோன்பு நாட்களில் இப்தாருக்குப் பிறகு செய்வது நல்லது. தண்ணீர் குடிக்க முடியும்.

உம்மாவின் கேள்வி

"பொம்புளப் புள்ளக்கி இதெல்லாம் என்னத்துக்கு? ஆம்புளயப் போல ஆகிடுவாய்" என்று உம்மா ஆரம்பத்தில் ஏசினார். தசையைப் பருமனாக்குவதில் பெரும் பங்கு வகிக்கும் ரெஸ்ரோஸ்ரரோன் ஓமோன் பெண்களின் உடலில் ஆண்களை விட மிகக் குறைவு. எனவே போத்தல் தூக்குவதால் யாரும் ஆண்களைப் போல் ஆகிவிட மாட்டார்கள். மாறாக, 30 வயதுக்குப் பின் தசை மெல்ல மெல்லக் குறையத் தொடங்கும். 60க்குப் பின் அது வேகமெடுக்கும். நம் பெண்கள் பலர் பாடசாலையை விட்டதோடு விளையாட்டையும் விட்டுவிடுகிறார்கள். இளமையில் சேர்த்து வைக்காதவருக்கு முதுமையில் இழக்க மிச்சம் குறைவு. உம்மும்மாவுக்கு நடந்தது அதுதான். இதைச் சொன்ன பிறகு உம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் அவரே இரண்டு போத்தல்களை நிரப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.

உம்மும்மாவுக்கும் இதே விதிதான். முதலில் கதிரையின் மேல் இரண்டு தலையணை வைத்து, உயரத்திலிருந்து எழும்பப் பழக்கினோம். பிறகு ஒரு தலையணையை எடுத்தோம். பின்னர் மற்றதையும் எடுத்தோம். இப்போது யாரும் பிடிக்காமல் தொடர்ந்து ஆறு தடவை எழும்புகிறார். ஸுஜூதுக்குத் தரைக்குப் போக இன்னும் முடியவில்லை. இன்ஷா அல்லாஹ், அதற்கும் முயல்கிறோம்.

அன்புச் சகோதரிகளே, இந்த உடல் நம்மிடம் தரப்பட்ட அமானிதம். எந்த முறையைத் தேர்ந்தாலும் பரவாயில்லை. விடாமல் செய்யக்கூடியதாக இருக்கட்டும். பெற்றோர்களே, பிள்ளைக்குப் படிப்புக்காக நேரம் ஒதுக்கும்போது வாரத்தில் மூன்று அரை மணித்தியாலங்களை இதற்கும் விட்டு வையுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு போத்தலை நிரப்பிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.