மடிக்கணினி வாங்குமுன் மூடியைத் திறந்து பாருங்கள்

கடைக் கணக்குக்கு மடிக்கணினி வாங்கும் நம் வியாபாரிகள் வேகத்தை விசாரிக்கிறார்கள், கட்டமைப்பைப் பார்ப்பதில்லை. அப்பிள் நிறுவனம் 2015இல் கொண்டுவந்த மெல்லிய விசைப்பலகையில் தூசு புகுந்தால் விசைகள் இறுகின. 2018இல் இலவசத் திருத்தம் அறிவித்தது. அமெரிக்க வழக்கை முடிக்க 2022இல் 5 கோடி டொலர் கொடுக்க இணங்கியது. பேர்பெற்ற கம்பனிக்கே இந்நிலை!

கிளிநொச்சியில் தூசுக்குக் குறைவில்லை. கொழும்பில் வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்க 300 கிலோமீற்றருக்கு மேல் போகவேண்டும். கடையும் பூட்டிக் கிடக்கும். ஆகவே காசு கொடுக்குமுன் பாருங்கள்:

1. மூடியைப் பல தடவை திறந்து மூடுங்கள். பிணைச்சல் ஆடக்கூடாது, ஓரம் பிளக்கக்கூடாது.
2. ஒவ்வொரு விசையையும் அழுத்துங்கள்.
3. வெள்ளைத் திரையில் கரும்புள்ளி தேடுங்கள்.
4. பற்றுச்சீட்டில் தொடரிலக்கமும் உத்தரவாதக் காலமும் எழுதுவியுங்கள்.

கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் சட்டப்படி விற்பவர் கடமை. அது கையிலிருந்தால்தான் முறைப்பாடு நிற்கும்.