அணுவிலிருந்து மின்சாரம்

கோப்பெங் சுரங்கங்களில் ஈயம் கழுவியபின் எஞ்சிய மணலை 'அமாங்' என்போம். அதிலுள்ள மோனசைட்டுத் தாதுவில் தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் உண்டு. அணுமின் நிலையங்களில் எரிபொருளாவது பெரும்பாலும் அதனைப் போன்றே கதிர்வீசும் யுரேனியம்.

யுரேனிய அணுவின் கருவை நியூட்ரான் என்னும் நுண்துகள் தாக்கினால், அது பிளந்து வெப்பத்தையும் இரண்டு மூன்று நியூட்ரான்களையும் வெளிவிடும். அவை மேலும் கருக்களைப் பிளக்கும். இத்தொடர்வினையைக் கட்டுக்குள் வைத்து, அவ்வெப்பத்தால் நீரை ஆவியாக்கி, சுழலியை ஓட்டி மின்சாரம் பெறுகின்றனர். தமிழ்நாட்டின் கல்பாக்கத்தில் முதல் உலை 1984இல் வணிக முறையில் இயங்கத் தொடங்கியது.

இதில் நிலக்கரிப் புகை இல்லை. எஞ்சும் கழிவோ நெடுங்காலம் கதிர்வீசும். ஈப்போ அருகே புக்கிட் மேராவில், அமாங் தாதுவைப் பதப்படுத்திய ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985இல் நீதிமன்றம் சென்றனர். ஆலை 1994இல் மூடப்பட்டது. ஆற்றலை ஆக்குவோர் கழிவையும் காத்தல் வேண்டும் என்பதே நாம் கற்கும் பாடமாகும்.