வந்து மறையும் பழுது: பழைய மோட்டார் வண்டியில் சென்சார்களைச் சோதிக்கும் முறை

நமது அங்கத்தினர்களில் பலர் இன்று சொந்த மோட்டார் வண்டி வைத்திருக்கின்றனர். அவை பெரும்பாலும் பதினைந்து இருபது ஆண்டுகள் ஓடிக் கைமாறி வந்தவை. நூல் கட்டு ஏற்றுவதும் அவ்வண்டியே, மணிலா மூட்டை கொண்டு செல்வதும் அவ்வண்டியே, நள்ளிரவில் பிரசவ வேதனை கண்டவளைப் புதுச்சேரிக்கு அழைத்துச் செல்வதும் அவ்வண்டியே. அது ஒருநாள் நடுவழியில் நின்றுவிடுகிறது. கால் மணி கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடவாதது போல் ஓடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டு போய் நிறுத்தினால் அங்கே நோயே இல்லை. அவரும் தமக்குத் தோன்றிய ஒரு பாகத்தை மாற்றுகிறார். இரண்டு வாரம் கழித்து வண்டி மீண்டும் நிற்கிறது. இவ்வகைப் பழுதை எவ்வாறு பிடிப்பது என்பதே இம்மாதப் பாடம்.

நெசவாளருக்கு இது புதிய செய்தியன்று. ஜக்கார்டுப் பெட்டியில் ஓர் ஊசி சரிவர ஏறாவிட்டால், சேலை முழுதும் கெடுவதில்லை. அந்த ஊசி எழவேண்டிய இழையில் மட்டுமே குறை விழும். குறை எந்த அட்டைக்கு வருகிறது என்று கவனித்தவரே ஊசியைக் கண்டுபிடிப்பார். வண்டியிலும் ‘எப்போது’ என்னும் கேள்வியே ‘எது’ என்பதற்கு வழி காட்டும்.

பழைய கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோலின் அளவைக் காற்றோட்டமே நிர்ணயித்தது. 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடு முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையாயின. 2005இல் பாரத் இரண்டாம் நிலை எங்கும் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டி மாருதி 800 போன்ற சிறு வண்டிகளிலும் பெட்ரோலைப் பீச்சும் முறை நிலைபெற்றது. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கணத்தில் பொறி என்பதை இப்போது ஒரு சிறு கணிப்பெட்டி தீர்மானிக்கிறது. அதற்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை. எஞ்சினின் சூட்டையும், சுழற்சியையும், உள்ளிழுக்கும் காற்றையும் அதற்குத் தெரிவிப்பவை சென்சார்கள். அவற்றுள் பலவற்றுக்கு ஐந்து வோல்ட்டு மின்சாரம் மட்டுமே அனுப்பப்படுகிறது. இவ்வளவு சிறு மின்சாரத்திற்கு ஒயர் முனையில் படிந்த மெல்லிய களிம்பும் பெரிய அணையாகும்.

இங்கேதான் நமது கடற்கரையின் தனித் தொல்லை வருகிறது. மரக்காணம் உப்பளங்களிலிருந்தும் கழுவெளியின் முகத்துவாரத்திலிருந்தும் வரும் காற்றில் உப்புத் துகள் கலந்திருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாள்தோறும் ஓடும் வண்டியின் கனெக்டர்களில் அது படிகிறது. தூய சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் நீரை இழுத்துத் தானே கரையும். கடலுப்பிலோ மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியத் தொடங்கும். உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீர் எளிதில் காய்வதில்லை என்பதை உப்பளத்தில் உழைப்போர் அறிவர். ஆகவே விடியற்காலையில் கனெக்டருக்குள் ஈரப்படலம். எஞ்சின் சூடேறிப் பத்து நிமிடம் ஓடியபின் அது உலர்ந்த படலம். ஈரமாயிருக்கையில் முனைக்கு முனை மின்சாரம் கசிகிறது. உலர்ந்தபின் பழுது மறைகிறது.

எனவே அங்கத்தினர் முதலில் வாங்க வேண்டியது புதிய சென்சார் அன்று, ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். வண்டி தொல்லை கொடுத்த ஒவ்வொரு முறையும் நேரம், எவ்வளவு தூரம் ஓடிய பின், மழையா வெயிலா, பள்ளத்தில் குலுங்கியபோதா, கிளம்பும்போதா, நின்றபின் எத்தனை நிமிடத்தில் மீண்டும் ஓடியது என்று எழுதி வைக்க வேண்டும். ஐந்தாறு குறிப்புகள் சேர்ந்தாலே உருவம் தெரியும்.

காலையில் மட்டும் தொல்லை, சூடானபின் சரி என்றால் ஈரமும் உப்பும் காரணமாயிருக்கலாம். இதற்கு நேர்மாறானது நண்பகல் வெயிலில் நெடுந்தூரம் ஓடியபின் திடீரென நின்று, அரை மணி ஆறியபின் ஓடுவது. அங்கே கிராங்க் தண்டின் சுழற்சியை அறிவிக்கும் சென்சாரை ஐயுற வேண்டும். அதன் சில வகைகளில் தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். கம்பியில் நுண்ணிய முறிவு இருந்தால் குளிர்ந்தபோது முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும். சூட்டில் விரிந்து பிரியும். பிரிந்த கணமே பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. ஆயினும் பெட்ரோல் பம்பும் ரிலேயும்கூடச் சூட்டில் இப்படி நிற்பதுண்டு. நின்றவுடன் சாவியை ஒருபடி திருப்பிக் காது கொடுத்துக் கேளுங்கள். பின்னிருக்கைப் பக்கம் இரண்டு வினாடி பம்பு முனகினால் பம்புக்கும் அதன் ரிலேக்கும் உயிர் இருக்கிறது. ஈரத்துணியைச் சென்சார் மீது ஐந்து நிமிடம் போர்த்தியவுடன் வண்டி கிளம்பினால் குற்றவாளி ஏறக்குறைய அகப்பட்டது. சூடான எஞ்சின் மீது குடத்து நீரைக் கொட்டுவோரும் உண்டு; வார்ப்பிரும்பு வெடிக்கும், அது கூடாது.

மூன்றாவது வகை, குலுங்கும்போது மட்டும் வருவது. எஞ்சினை ஓடவிட்டு, சுழலும் பாகங்களுக்குக் கை எட்டாமல் காத்துக்கொண்டு, ஒயர்க்கட்டை இடம் இடமாக மெல்ல அசைக்க வேண்டும். எந்த இடத்தில் எஞ்சின் இருமுகிறதோ அங்கே நிறுத்துக. அறுவடைக்குப் பின் வயல் எலி வண்டிக்குள் குடியேறி ஒயரைக் கடிப்பதும் நம் பக்கத்தில் சகஜம். வைக்கோல் துணுக்குகள் கிடந்தால் அதுவும் ஒரு சாட்சியே.

தண்ணீர்ச் சூட்டை அளக்கும் சென்சாரைக் கொண்டு களிம்பின் கணக்கைச் சற்று விரிவாகப் பார்ப்போம். பல வண்டிகளில் இதன் மின்தடை 20 பாகையில் சுமார் 2,500 ஓம், 80 பாகையில் சுமார் 300 ஓம். சூடு ஏறத் தடை இறங்கும். முனையில் களிம்பு ஏறி அதுவே 2,200 ஓம் தடையாகிவிட்டது என்று கொள்வோம். எஞ்சின் 80 பாகையில் கொதித்துக்கொண்டிருந்தாலும் கணிப்பெட்டி காண்பது 300உம் 2,200உம் கூடிய 2,500. ‘எஞ்சின் இன்னும் 20 பாகைதான்’ என்று நம்பி அது பெட்ரோலை மிகையாகப் பீச்சும். கரும்புகை, பெட்ரோல் நாற்றம், மைலேஜ் வீழ்ச்சி. ஒயர் முற்றிலும் அறுந்தால் கணிப்பெட்டிக்குத் தெரிவது பூஜ்யத்திற்குக் கீழ் 40 பாகை. வானூரில் அத்தகைய குளிரை எவரும் கண்டதில்லை! மாறாக, விடியற்காலை ஈரத்தில் மின்சாரம் குறுக்கே கசிந்தால் தடை பாதியாகும். 2,500 என்பது 1,250 ஆகி, குளிர்ந்த எஞ்சினை 40 பாகைச் சூடு என்று கருதிப் பெட்ரோலைக் குறைக்கும், வண்டி கிளம்பாது. ஒரே கனெக்டர், காலையில் ஒரு பொய்யும் நண்பகலில் வேறொரு பொய்யும் சொல்கிறது. சென்சார்மேல் குற்றமே இல்லை.

நமக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். நூல் ஏற்றும் பழைய வண்டி ஒன்று மார்கழி முழுவதும் விடியலில் நின்று நின்று ஓடியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று சென்சார்கள் மாற்றப்பட்டன. ஒரு தறியின் மூன்று மாதக் கூலி அதில் போயிற்று. நான்காம் முறை, பாட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து, செல்ப் சுற்றும்போது அளந்தோம். அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தது. பாட்டரித் தட்டின் அடியில் எர்த் ஒயரின் முனை துருவில் மறைந்து கிடந்தது. அவிழ்த்து, தேய்த்து, இறுக்கியபின் அந்தத் தொல்லை திரும்பவில்லை. பம்பு செட்டு வைத்திருக்கும் உழவர், இணைப்பு தளர்ந்து மோட்டார் எரிந்த கதையை இதனோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். ஆகவே எதையும் வாங்குமுன் எர்த் இணைப்புகளை அளக்க வேண்டும். சென்சாரின் எர்த் பக்கத்தில் பத்தில் ஒரு வோல்ட்டுக்கு மேல் இழப்பு கூடாது. ஓய்வில் பாட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டியும், எஞ்சின் ஓடுகையில் ஏறக்குறைய 14 வோல்ட்டும் காட்ட வேண்டும்.

கனெக்டரைத் துப்புரவு செய்யும்போது பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும். உப்புத்தாளால் முனையைத் தேய்த்தால் ஈயப்பூச்சு போய் அடுத்த மழைக்கே களிம்பு ஏறும்; மின் இணைப்புக்கென்று விற்கும் ஸ்பிரேயே தக்கது. ரப்பர் வளையம் வெடித்திருந்தால் அதையும் மாற்றுக. ஒயரில் குண்டூசி குத்தி மின்சாரம் பார்க்கும் வழக்கம் நம் கரையில் மிகவும் கேடானது. அந்தத் துளை வழியே உப்பு நுழைந்து, மேலுறை பளபளவென்றிருக்க, உள்ளே செம்பு பச்சையாகி உதிரும்.

ஓடும்போது எஞ்சின் நின்றால் பிரேக்கின் துணைவிசை ஓரிரு மிதிக்கே இருக்கும். பிறகு பெடல் கல்லாகும். ஸ்டீயரிங்கும் கனக்கலாம். விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி ஓரம் கட்ட வேண்டும். சாவியை முழுவதும் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

எஞ்சின் விளக்கு எரிந்தால், வண்டியின் சாக்கெட்டில் செருகும் சிறு கருவி குறியெண் காட்டும். 2013 ஏப்ரலுக்குப் பிந்திய வண்டிகளில் இது ஒழுங்காகப் படிக்கும்; அதற்கு முந்தியவற்றில் வண்டிக்கு வண்டி வேறுபடும். பி 0335 என்று வந்தால் ‘கிராங்க் சென்சார் கெட்டது’ என்பது பொருளன்று. அந்தச் சென்சாரின் மின்பாதையில் கோளாறு என்பதே பொருள். பாதையில் ஒயரும் உண்டு, கனெக்டரும் உண்டு. பாட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் இந்தக் குறியெண்கள் அழிந்துபோகும். அவற்றை முதலில் நோட்டில் எழுதிக்கொண்டு, பிறகு ஸ்பானரைத் தொடுக.