நத்தையின் ஓடும் தண்ணீரின் சூடும்

மேற்கு வங்காளத்தில் ஹவுரா, வடக்கு 24 பர்கானா, தெற்கு 24 பர்கானா மாவட்டங்களில் பல குடும்பங்கள் வண்ண மீன் வளர்க்கின்றன. சிலர் தொட்டியில் ஆப்பிள் நத்தையையும் விடுகிறார்கள். மீதமான தீனியையும் பாசியையும் அது தின்னும்.

ஆனால் நத்தை செத்துக் கிடந்தால் தண்ணீர் கெடும். மீன்களும் சாகும். போட்ட பணமும் பட்ட பாடும் வீண். ஆகவே நத்தையின் நலத்தையும் கவனிக்க வேண்டும்.

ஓடு எப்படி வளர்கிறது?

நத்தை ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. முட்டை ஓடும் அப்படித்தான். தீனியிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் நத்தை இந்தச் சத்தை எடுக்கிறது. ஓட்டின் வாய் ஓரத்தில் புதிய ஓடு வளர்கிறது.

சூடு என்ன செய்யும்?

மனித உடலின் சூடு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். நத்தைக்கு அப்படி இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடலின் சூடு.

கொல்கத்தா பகுதியில் ஜனவரி இரவில் சூடு சுமார் 14 டிகிரிக்கு இறங்கும். தண்ணீர் மிகவும் குளிர்ந்தால் நத்தை சோர்ந்துவிடும். சரியாகத் தின்னாது. ஓடும் வளராது.

மே மாதப் பகலில் சூடு 35 டிகிரியைத் தாண்டும். தண்ணீர் சூடேறினால் நத்தை வேகமாக வளரும். ஆனால் அதன் ஆயுள் குறையும். வேகமாக வளரும் ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்தும் அதிகம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் ஓடு மெலிந்து, எளிதில் உடையும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவு. 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரையும்.

என்ன செய்யலாம்?

தண்ணீரின் சூடு 22 முதல் 28 டிகிரி வரை இருப்பது நல்லது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம். வெயில் காலத்தில் தொட்டிக்கு மேல் ஓலைத் தட்டி கட்டலாம். பனிக்கட்டி போடக் கூடாது. திடீர் மாற்றம் நத்தைக்கு ஆகாது. குளிர்காலத்தில் இரவில் தொட்டியைக் காற்றுப் புக இடம் விட்டு மூடலாம்.

மழைநீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. அதை மட்டும் ஊற்றினால் ஓடு அரிக்கும். முட்டை ஓட்டை வேகவைத்துக் காயவைத்துப் பொடிக்க வேண்டும். அந்தப் பொடியைத் துணியில் முடிந்து தொட்டியில் போடலாம்.

வாரம் ஒருமுறை ஓட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் உறுதியாக இருந்தால் நல்லது. மெலிந்தோ வெளுத்தோ இருந்தால் உடனே கவனிக்க வேண்டும். நாற்றம் அடிக்கும் நத்தையை அப்போதே எடுத்துவிட வேண்டும்.

நினைவில் கொள்க: சூடு வளர்ச்சிக்கு வேகம் தரும். சுண்ணாம்புதான் ஓட்டுக்கு உறுதி தரும்.

விடை எழுதுக

1. நத்தை ஓடு எதனால் ஆனது?
2. சூடான தண்ணீரில் எது குறையும்?
3. தொட்டியில் பனிக்கட்டி ஏன் போடக் கூடாது?