நடுவிலை இருக்கிறது விழுந்திடும்

என் முதல் தமிழ் ஸ்டென்சில், பாரிஸ் பெல்வில்லில் தெனுவாயே தெருச் சுவரில் ஒரு கறுப்புக் கட்டியாகத்தான் முடிந்தது. "சாப்பிட்டியா?" என்று வெட்டியிருந்தேன். பகலில் றெஸ்ரோறண்ட் குசினியில் வேலை. இரவில் வந்து மூன்று நாள் குந்தியிருந்து வெட்டிய மட்டை அது. சுவரில் வைத்து ஸ்ப்ரே அடித்து எடுத்தபோது மற்ற எழுத்துகள் ஒழுங்காக விழுந்திருந்தன. 'ச' மட்டும் அடைத்துக் கிடந்தது. அதன் இடப்பக்கம் நாலு பக்கமும் மூடிய ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறைத் துண்டைப் பிடித்துவைக்க எதையும் விடாமல் சுற்றிவர வெட்டியிருக்கிறேன். அது எப்போது கழன்று விழுந்தது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பிரெஞ்சுக்காரர் தன் படத்தை முடித்துக்கொண்டிருந்தார். தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவர். என் மட்டையை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். "பாலம் எங்கே?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி என்னை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கொழும்புக்குப் போகும் வெங்காய மூட்டைகளில் அப்பா அடையாளம் போடுவார். எழுத்து வெட்டிய தகரத் தகட்டைச் சாக்கின்மேல் அழுத்திக்கொண்டு, கறுப்பு மையைத் தூரிகையால் குத்திக் குத்திப் பூசுவார். தகட்டை எடுத்தால் 'க' இரண்டு மூன்று இடத்தில் உடைந்த மாதிரி இருக்கும். ஏன் உடைச்சு எழுதுறியள் என்று கேட்டேன். "நடுவிலை இருக்கிறது விழுந்திடும் தம்பி, பிடிச்சு வைக்கவேணும்" என்றார். கண்ணால் பார்த்த வேலை. ஆனாலும் கைக்கு வர இருபது வருடம் எடுத்தது.

ஆகவே தமிழ் எழுத்து வெட்ட வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். மட்டையைத் தொடமுன் சொல்லைத் தாளில் பெரிதாக எழுதி, மூடிய அறைகளையெல்லாம் பென்சிலால் நிழலடித்துப் பாருங்கள். ப, ட, ய திறந்த எழுத்துகள், தொல்லை இல்லை. க, ச, த மூன்றிலும் ஓர் அறை இருக்கிறது. ண-வின் சுழிகளுக்குள் வெட்டுவதென்றால் நல்ல பொறுமை வேண்டும். ஒவ்வோர் அறைத் துண்டையும் மட்டையோடு பிடித்துவைக்க இரண்டு பாலமாவது விடுங்கள். ஒன்று மட்டும் விட்டால் துண்டு கதவு மாதிரி ஆடி, பெயின்ட் உள்ளே புகுந்துவிடும். புள்ளிதான் எல்லாவற்றிலும் சுலபம், ஒரு ஓட்டை போட்டால் போதும். ஓலை கிழியும் என்று ஏட்டில் புள்ளியைத் தவிர்த்தார்கள் என்பார்கள். மட்டை அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறது.

வெட்டும்போது சின்னத் துளைகளை முதலில் முடியுங்கள். பெரிய இடங்களை முதலில் எடுத்தால் மட்டை தொய்ந்து, நுணுக்கமான இடத்தில் கிழியும். வளைவு வரும்போது கத்தியைத் திருப்பாமல் மட்டையைத் திருப்புங்கள். பிளேட்டை அடிக்கடி மாற்றவேண்டும், காசு பார்க்கக் கூடாது. மழுங்கிய பிளேட்டை அழுத்தும்போதுதான் விரல் வெட்டுப்படும். என் இடது பெருவிரலில் அதற்கு அடையாளம் இருக்கிறது. ஒருமுறைக்குத் தானியப் பெட்டி மட்டை போதும். பலமுறை அடிக்கப் பழைய எக்ஸ்ரே பிலிம் அருமையானது: நனையாது, வளைந்தாலும் உடையாது.

அடிப்பது இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தில்தான் மூன்று இரவு உழைப்பும் கெடும். டப்பாவை நன்றாகக் குலுக்கி, சுவருக்கு நேராக ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சிறுசிறு மூச்சாக அடியுங்கள். சரிவாக அடித்தால் மட்டைக்குக் கீழே புகும். ஒரேயடியாக ஊற்றினால் வழியும். 10 பாகைக்குக் கீழே குளிர் போனால் பெயின்ட் சரியாக வராது. டப்பாவை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போவேன். அடுப்பிலோ ஹீட்டரிலோ மட்டும் சூடாக்காதீர்கள், வெடிக்கும். துணி மாஸ்க் இந்தப் புகைக்கு எதுவும் செய்யாது. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் வடிகட்டி மாஸ்க்கை முதல் டப்பாவோடேயே வாங்கிவிடுங்கள்.

இந்த நகரத்தில் ஸ்டென்சிலைப் பொஷுவார் என்கிறார்கள். பிளெக் லெ ரா என்ற பெயரில் அறியப்பட்ட க்ஸாவியே ப்ரூ 1981இல் பாரிஸ் சுவர்களில் எலிகளை அடிக்கத் தொடங்கினார். சிறுவயதில் இத்தாலியில் பார்த்த முசோலினியின் ஸ்டென்சில் முகம் அவர் மனதில் தங்கியிருந்ததாம். ஒரு சர்வாதிகாரியின் பிரசாரத்துக்கு உதவிய உத்தி, நகரத்தின் எலிகளுக்குக் கைமாறியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். 1991இல் கரவாஜ்ஜியோவின் மடோனாவை அடிக்கும்போது அவர் பிடிபட்டார். அதன்பின் வீட்டிலேயே தயாரித்த சுவரொட்டிகளுக்கு மாறினார்.

அவரே பிடிபட்டார் என்றால் நாம் எம்மாத்திரம்? பிரெஞ்சுச் சட்டப்படி அனுமதியில்லாமல் சுவரில் எழுதினால், சேதம் சிறிதென்றாலும் 3,750 யூரோ வரை அபராதம் போகலாம். விசா அலுவல் முடியாத எங்கள் பெடியளுக்கு நான் கெஞ்சிச் சொல்வது, அனுமதியுள்ள சுவருக்கு மட்டும் போங்கள் என்பதுதான். ஒரு இரவுச் சந்தோஷத்துக்காகப் பத்து வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்காதீர்கள். அனுமதிச் சுவரில் பகலில் நின்று அடிக்கலாம். பக்கத்தில் நிற்பவரிடம் படிக்கலாம், அது பெரிய லாபம். பாரிஸின் பழைய சுண்ணக்கல் கட்டடங்களைத் தொடவே தொடாதீர்கள். கல் பெயின்டை உள்ளே குடித்துவிடும். கழுவுகிறேன் என்று போனால் கல்லும் சேர்ந்து தேயும்.

தெருவில் எழுதாத சட்டங்களும் உண்டு. அவற்றை, பாலம் எங்கே என்று கேட்ட அந்தப் பெரியவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். இன்னொருவர் படத்துக்குமேல் அடிப்பதென்றால், அதைவிட நன்றாகச் செய்ய முடியுமென்று உனக்கே நம்பிக்கை இருக்கவேண்டும். மூடமுன் அதை ஒரு படம் எடுத்து வை. இறந்தவர் நினைவாக எழுதியதைத் தொடாதே. வெறும் டப்பாவையும் மூடியையும் பொறுக்கிக்கொண்டு போ. உன்னுடையதை நாளைக்கு யாரேனும் மூடினால் சண்டைக்குப் போகாதே.

கடைசிதான் கஷ்டம். எனக்கு அதை விளங்கவைத்தது பாரிஸின் 13ஆம் வட்டாரம். அங்கே தபால் பெட்டிகளில் சி215 என்ற ஓவியர் சிமோன் வெய்லின் முகத்தை அடித்திருந்தார். நாசி வதைமுகாமிலிருந்து உயிர்தப்பிய பெண் அவர். 2019 பெப்ரவரியில் யாரோ அந்த முகங்களின்மேல் சுவஸ்திகா கீறிவிட்டார்கள். ஓவியர் திரும்ப வந்து சீர்செய்தார். புதிய படம் மூடுவது ஒன்று, வெறுப்பு மூடுவது வேறொன்று. முன்னதை விட்டுவிடலாம். பின்னதற்குத் திரும்பிப் போகத்தான் வேண்டும்.

அதே வட்டாரத்தின் புட்-ஓ-கை மேட்டில் மிஸ்.டிக் என்ற ஓவியரின் ஸ்டென்சில் பெண்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் சொல் விளையாட்டான ஒரு வரியோடு. 1985இலிருந்து 2022இல் இறக்கும்வரை அவர் பாரிஸில் சொற்களை வெட்டினார். என் பிரெஞ்சுக்கு அவரது சிலேடைகள் பாதிதான் பிடிபடும். ஆனாலும் தெருவில் போகிறவரோடு கதைக்க ஒரு வரி போதும் என்பதை அவரிடம்தான் படித்தேன். என்னிடம் இருந்த ஒரே வரி, அம்மா ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் கேட்பது. நாள் முழுக்க மற்றவர்களுக்குச் சமைத்துவிட்டு நின்றபடியே எதையோ மென்றுகொண்டிருக்கும் எத்தனையோ எங்கள் ஆட்கள் இந்த நகரத்தில் அதைக் கேட்கிறார்கள்.

அடுத்த கிழமை எக்ஸ்ரே பிலிமில் திரும்ப வெட்டினேன், ச-வின் அறைக்கு மேலும் கீழும் பாலம் விட்டு. சுவரில் சுத்தமாக விழுந்தது. நாலாம் நாள் போனபோது மேலே ஒரு பச்சைப் பறவை இருந்தது. நல்ல பறவை.

எடுத்து வைத்திருந்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பு வந்தது.

"எல்லாம் வடிவாய் இருக்கு. ஏனடா அந்தச் 'ச' உடைஞ்சு கிடக்கு?"

"அப்பான்ரை வெங்காய மூட்டை எழுத்தம்மா."

கொஞ்சநேரம் சத்தமில்லை. பிறகு, சுவரில் இருந்ததையே கேட்டா.