என்பு முறிவும் மூட்டுக் காயங்களும்: இயன்மருத்துவமும் புனர்வாழ்வும்

க.பொ.த (சா/த) – சுகாதாரமும் உடற்கல்வியும்

மாணவர்களே! என்பு முறிவு பற்றிய வினாவுக்கு விடை எழுதும் பலர் முதலுதவியை எழுதுவர். "வைத்தியசாலையில் பிளாஸ்டர் போடப்படும்" என்று முடித்துவிடுவர். விடையின் அரைவாசி அங்கேயே விடுபட்டுப் போகின்றது. பிளாஸ்டர் கழற்றப்படும் நாளில் என்பு பொருந்தியிருக்கும். ஆனால் கை மடங்காது. கால் பாரம் தாங்காது. என்பைப் பொருந்தச் செய்வது ஒரு வேலை. அந்த உறுப்பை மீண்டும் தொழிற்படச் செய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலையே இப்பாடத்தின் பொருளாகும்.

1. அறிந்திருக்க வேண்டிய பதங்கள்

என்பு முறிவு: என்பு உடைதல் அல்லது வெடித்தல். தோல் கிழியாதிருப்பின் மூடிய முறிவு; காயம் வெளியே திறந்திருப்பின் திறந்த முறிவு.
மூட்டு விலகல்: மூட்டிலுள்ள என்பு தன் இடத்தை விட்டு விலகுதல்.
சுளுக்கு: என்புகளை ஒன்றோடொன்று இணைக்கும் இணையங்கள் இழுபடுதல் அல்லது கிழிதல்.
இயன்மருத்துவம் (பிசியோதெரபி): உடற்பயிற்சி, அசைவு, வெப்பம், குளிர் முதலியவற்றின் மூலம் இழந்த அசைவையும் பலத்தையும் மீட்கும் சிகிச்சை.
புனர்வாழ்வு: காயமடைந்தவர் தன் அன்றாட வாழ்க்கைக்கும் கல்விக்கும் தொழிலுக்கும் திரும்பும் வரையான முழுச் செயன்முறை. இயன்மருத்துவம் இதன் ஒரு பகுதியாகும்.

2. என்பு பொருந்தும் விதம்

முறிந்த இடத்தில் முதலில் குருதி கசிந்து உறையும். வீக்கமும் நோவும் ஏற்படும். இரண்டு மூன்று வாரங்களில் முறிந்த முனைகளுக்கு இடையே மென்மையான இணைப்பு உருவாகும். பின்னர் அதில் கல்சிய உப்புகள் படிந்து அது வன்மையடையும். இறுதியாக அது பழைய வடிவத்தைப் பெறும். இந்த இறுதிக் கட்டம் மாதக்கணக்கில், சிலவேளை ஆண்டுக்கணக்கில் நடைபெறும்.

வளர்ந்தோரில் கை என்புகள் பொருந்த ஏறத்தாழ 6 – 8 வாரங்களும், முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய என்பு பொருந்த ஏறத்தாழ 12 – 16 வாரங்களும் எடுக்கும். சிறுவர்களில் இது விரைவாக நடைபெறும்.

என்பு தன்மீது தாக்கும் சுமைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளும் என்பதை ஜேர்மனியச் சத்திரசிகிச்சை நிபுணர் யூலியஸ் வொல்ப் 1892 இல் விளக்கினார். உரிய காலத்தில், உரிய அளவில் கொடுக்கப்படும் சுமை என்பைப் பலப்படுத்தும். நீண்டகாலம் சுமையே இல்லாவிடின் என்பு பலம் குன்றும்.

3. அசையாதிருப்பதால் ஏற்படும் விளைவுகள்

முறிந்த முனைகள் விலகாதிருக்க பிளாஸ்டர் அவசியம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு.

• தசைகள் மெலியும். ஓரிரு வாரங்களிலேயே இதனை அவதானிக்கலாம்.
• மூட்டைச் சூழவுள்ள இழையங்கள் சுருங்கி மூட்டு இறுகும்.
• மூட்டிலுள்ள கசியிழையத்துக்குக் குருதிக் கலன்கள் இல்லை. மூட்டுப் பாய்பொருளில் இருந்தே அது போசணை பெறும். அசைவின்போதே அப்பாய்பொருள் நன்கு பரவும். எனவே அசைவின்மை கசியிழையத்தைப் பாதிக்கும்.
• குருதிச் சுற்றோட்டம் குறைந்து வீக்கம் நீடிக்கும்.

4. இயன்மருத்துவத்தின் படிமுறைகள்

கையை ஊன்றி விழும்போது மணிக்கட்டுக்கு அருகே ஆரை என்பு முறிதல் மிகப் பொதுவானது. எக்ஸ்-கதிர் கண்டுபிடிக்கப்படுவதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்னரே, 1814 இல், அயர்லாந்தைச் சேர்ந்த ஏபிரகாம் கொலிஸ் இம்முறிவை விபரித்தார். இதனையே உதாரணமாகக் கொள்வோம்.

(அ) பிளாஸ்டர் உள்ள காலம்
மணிக்கட்டு மட்டுமே அசையக்கூடாது. விரல்களை முழுமையாக மடக்கி நீட்டுதல், முழங்கையை மடக்குதல், தோளைத் தலைக்கு மேலே உயர்த்துதல் என்பவற்றை நாள்தோறும் பல தடவை செய்தல் வேண்டும். கையைத் தூக்குத்துணியில் போட்டு வாளாவிருப்பவருக்கு முறியாத தோள்மூட்டும் இறுகிவிடும். காலில் பிளாஸ்டர் உள்ளவர், வைத்தியர் அனுமதித்தால், மூட்டை அசைக்காமலே தொடைத் தசையை இறுக்கிச் சில வினாடிகள் வைத்திருந்து தளர்த்தலாம்.

(ஆ) பிளாஸ்டர் கழற்றிய பின்
முதலில் அசைவு, பின்னர் பலம் என்பதே ஒழுங்கு. மணிக்கட்டை மேலும் கீழும், பக்கவாட்டிலும் மெதுவாக அசைத்தல். உள்ளங்கையை மேல்நோக்கியும் கீழ்நோக்கியும் திருப்புதல். அதன்பின் மென்மையான பந்தைப் பிசைதல், சிறு பாரம் தூக்குதல். இளஞ்சூட்டு நீரில் கையை வைத்து அசைப்பது இறுக்கத்தைத் தளர்த்த உதவும்.

(இ) செயற்பாட்டுக்குத் திரும்புதல்
பேனா பிடித்து எழுதுதல், தெறி பூட்டுதல், வாளி தூக்குதல், சைக்கிள் ஓட்டுதல் என்றவாறு படிப்படியாகச் செல்லுதல். வைத்தியர் அனுமதித்த பின்னரே விளையாட்டு.

ஊன்றுகோல் பாவிப்போர் கவனிக்க: பாரத்தைக் கைகளே தாங்க வேண்டும், அக்குள் தாங்கக்கூடாது. படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஊன்றுகோலும் காயமடைந்த காலும் முதலில்.

5. கணுக்கால் சுளுக்கு

ஓய்வு, குளிர், அமுக்கம், உயர்த்தல் என்னும் நான்கு அம்ச முறை 1978 இல் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின் எழுதிய நூலின் மூலம் பரவியது. முதல் ஓரிரு நாட்களுக்கு இது நோவைக் குறைக்கும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றியே வைக்க வேண்டும். ஆனால் நீண்ட ஓய்வு குணமடைதலைத் தாமதிக்கச் செய்யும் என்பதே இன்றைய கருத்து. நோவு அனுமதிக்கும் அளவில் விரைவில் நடக்கத் தொடங்குதல் நன்று.

ஒரே கணுக்கால் மீண்டும் மீண்டும் சுளுக்குவது ஏன்? இணையங்களிலுள்ள நரம்பு முனைகள் மூட்டின் நிலையை மூளைக்கு அறிவிக்கின்றன. சுளுக்கினால் அவ்வுணர்வும் பாதிக்கப்படும். ஒற்றைக்காலில் நின்று சமநிலை பேணும் பயிற்சி அதனை மீட்கும். நோவு நின்றதும் பயிற்சியை விட்டவரே அடுத்த போட்டியில் மீண்டும் விழுவார்.

6. கட்டாயம் தவிர்க்க வேண்டியவை

• முழங்கைக் காயத்தின் பின்னர் எண்ணெய் பூசி வன்மையாக உருவுதலும் பலவந்தமாக நீட்டுதலும் கூடாது. இதனால் தசைக்குள்ளே என்பு உருவாகி முழங்கை நிரந்தரமாக இறுகக்கூடும்.
• இறுக்கமான கட்டு ஆபத்தானது. குருதியோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தசை இறக்கத் தொடங்கும். கை வளைந்து சுருங்கிப்போகும் இந்நிலையை ரிச்சர்ட் வொன் வோல்க்மன் 1881 இல் விபரித்தார். பிளாஸ்டராயினும், வீட்டில் கட்டும் புக்கையாயினும் விதி ஒன்றே.

அபாய அறிகுறிகள்: கூடிக்கொண்டே செல்லும் நோவு, விரல்களை நீட்டும்போது கடும் நோவு, விறைப்பு, விரல்கள் வெளிறுதல் அல்லது நீலமாதல், விரல்களை அசைக்க முடியாமை. இவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலை வரை காத்திராது உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். அவசர அம்புலன்சுக்கு 1990.

மாதிரி வினா

தரம் 11 மாணவன் ஒருவனின் வலது மணிக்கட்டு முறிந்து, 6 வாரங்களின் பின் பிளாஸ்டர் கழற்றப்பட்டது. பேனாவைப் பிடிக்க முடியாதிருப்பதால் "கை இனிச் சரிவராது" என்று வீட்டார் கவலைப்படுகின்றனர்.
(i) இந்நிலைக்கு இரு காரணங்கள் தருக.
(ii) அவன் செய்யக்கூடிய மூன்று பயிற்சிகளை ஒழுங்குமுறையில் எழுதுக.
(iii) வீட்டாருக்கு நீர் கூறும் ஆலோசனை யாது?

விடை
(i) தசைகள் மெலிந்தமை, மூட்டு இறுகியமை.
(ii) மணிக்கட்டை மெதுவாக அசைத்தல், உள்ளங்கையைத் திருப்புதல், மென்பந்தைப் பிசைதல்.
(iii) இது பிளாஸ்டரின் பின்னர் எதிர்பார்க்கக்கூடிய நிலை. பலவந்தமாக உருவாது, வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, கற்பிக்கப்படும் பயிற்சிகளை நாள்தோறும் செய்விக்க வேண்டும். அரச வைத்தியசாலைகளில் இச்சேவை இலவசமானது.

குறிப்பு: (iii) இல் "வைத்தியரிடம் செல்ல வேண்டும்" என்று மட்டும் எழுதுவது போதாது. இயன்மருத்துவர் வழிகாட்டுவார், ஆனால் வாரத்தில் ஓரிரு நாளே அவரைச் சந்திக்கலாம். எஞ்சிய நாட்களில் வீட்டில் செய்யும் பயிற்சியே கையை மீட்கும் என்பதையும் சேர்த்து எழுதுக.